அண்டங்காக்கையும் கருந்துளையும்

2017ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஹான்ஃபோர்டு என்ற வறண்ட புதர்வெளியில் இருக்கும் ஓர் ஆய்வு நிலையத்தின் பதிவுகளில் புதிதாக ஒரு சத்தம் தலைகாட்டியது. திடீரென்று வரும், போய்விடும். காரணம் பிடிபடவில்லை. வளாகத்தில் வைத்திருந்த ஒலிவாங்கிகளின் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். எதையோ கொத்துகிற ஓசை. வெளியே போய்ப் பார்த்தால், திரவ நைட்ரஜன் தொட்டியோடு இணைந்த குழாயின் மேல் படிந்திருந்த உறைபனியில் அலகுத் தடங்கள் இருந்தன. வெயிலில் தாகமெடுத்த அண்டங்காக்கைகள் அந்தப் பனியைக் கொத்தித் தின்றிருக்கின்றன. பனி படியாதபடி குழாய்க்கு உறை போட்ட பிறகுதான் சிக்கல் தீர்ந்தது.

அந்த நிலையம் காக்கைகளுக்காகக் கட்டப்பட்டதல்ல. நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு மோதிய கருந்துளைகளின் அதிர்வைப் பிடிப்பதற்காகக் கட்டப்பட்டது. ஈர்ப்பு அலைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கருந்துளைகளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எனக்கு அந்தக் குழாயும் அலகுத் தடமும் முக்கியமாகப் படுகின்றன. விண்ணிலிருந்து வரும் அதிர்வு எது, நம் காலடியில் கிளம்பும் அதிர்வு எது என்று பிரித்தறிவதற்கு மனிதர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடுபட்டிருக்கிறார்கள். இந்த அறிவியலின் பெருமை அந்தப் பாட்டில்தான் இருக்கிறது.

முதலில் அலை என்னவென்று பார்த்துவிடலாம். நியூட்டனின் கணக்கில் ஈர்ப்பு ஒரு விசை. அது எத்தனை தூரமானாலும் அதே கணத்தில் போய்ச் சேரும். 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் முன்வைத்த பொதுச் சார்பியல் வேறு விதமாகச் சொன்னது. நிறையுள்ள எந்தப் பொருளும் தன்னைச் சுற்றியுள்ள காலவெளியை வளைக்கிறது. அந்த வளைவின் வழியே மற்றப் பொருள்கள் நகர்கின்றன. அப்படியானால் நிறை இடம் மாறும்போது வளைவும் மாற வேண்டும். அந்த மாற்றத்தின் செய்தி ஒளியின் வேகத்தில் வெளியே பரவும். அதுதான் ஈர்ப்பு அலை. அது கடந்து போகும் இடத்தில் வெளி ஒரு திசையில் நீளும்; அதற்குச் செங்குத்தான திசையில் சுருங்கும்; அடுத்த கணம் நீண்டது சுருங்கும், சுருங்கியது நீளும். இதைத் தடுக்கும் சுவர் எதுவும் கிடையாது. பூமியையே ஊடுருவிக்கொண்டு போய்விடும். ஆனால் காலவெளி மிக மிக விறைப்பானது. கண்ணில் படுகிற அளவுக்கு அதை அசைக்க எதனாலும் முடியாது. சூரியனைப்போல் பல மடங்கு நிறையுள்ள இரண்டு பொருள்கள், ஒரு நகரத்தின் அளவுக்குச் சுருங்கி, ஒளியின் வேகத்தில் பாதியளவு வேகத்தோடு ஒன்றையொன்று சுற்றினால்தான் நம்மால் அளக்கக்கூடிய ஏதோ ஒன்று இங்கே வந்து சேரும்.

1916இல் இந்த அலைகளை முன்னறிவித்த ஐன்ஸ்டைனுக்கே பின்னாளில் அவற்றின்மேல் நம்பிக்கை போய்விட்டது. 1936இல் நேதன் ரோசனோடு சேர்ந்து, ஈர்ப்பு அலைகள் இருக்கவே முடியாது என்று ஒரு கட்டுரை எழுதி அமெரிக்காவின் ஃபிசிகல் ரிவ்யூ இதழுக்கு அனுப்பினார். பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர் அதில் பிழை இருப்பதாக எழுதினார். ஐன்ஸ்டைன் கோபத்தில் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிறகு பிழையை உணர்ந்து, முடிவைத் தலைகீழாக மாற்றி வேறோர் இதழில் வெளியிட்டார். குழப்பம் அதோடு தீரவில்லை. அலைகள் மெய்தானா, சமன்பாட்டின் தோற்றமயக்கமா என்ற கேள்வி இன்னும் இருபது ஆண்டுகள் நீடித்தது. 1957 ஜனவரியில் சேப்பல் ஹில் நகரில் நடந்த மாநாட்டில் ரிச்சர்ட் ஃபெயின்மன் ஓர் எளிய வாதத்தை வைத்தார். ஒரு கம்பியில் மணிகளைக் கோத்து, அவை சற்று உராய்ந்து நகரும்படி விட்டால், அலை போகும்போது மணிகள் கம்பியில் முன்னும் பின்னும் நகரும். உராய்வில் சூடு உண்டாகும். சூடு உண்டாக்குகிற எதுவும் ஆற்றலைச் சுமந்துதான் வந்திருக்க வேண்டும்.

அந்த மாநாட்டில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஜோசஃப் வெபர் இருந்தார். ஆற்றல் உண்டென்றால் அதைப் பிடிக்க முடியும் என்று கிளம்பினார். ஒரு டன்னுக்கும் மேல் எடையுள்ள அலுமினிய உருளைகளைச் செய்து, வெற்றிடத் தொட்டிக்குள் கம்பியில் தொங்கவிட்டு, இடுப்பில் மிக நுண்ணிய உணரிகளை ஒட்டினார். அலை வந்தால் உருளை மணியைப்போல் அதிரும் என்பது எண்ணம். ஓர் உருளை அதிர்ந்தால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே ஏறத்தாழ ஆயிரம் கி.மீ. தள்ளி, சிகாகோவுக்கு அருகில் இன்னோர் உருளையை வைத்தார். இரண்டும் ஒரே நேரத்தில் அதிர்ந்தால்தான் கணக்கு. 1969இல், கண்டுபிடித்துவிட்டேன் என்று அறிவித்தார்.

உலகமே பரபரத்தது. மாஸ்கோ, மியூனிக், கிளாஸ்கோ, நியூ ஜெர்சி என்று பல இடங்களில் உருளைகள் தொங்கின. யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. வெபர் சொன்ன எண்ணிக்கையில் அலைகள் வருவதானால், நம் விண்மீன்மண்டலம் தன் நிறையை நம்ப முடியாத வேகத்தில் இழந்துகொண்டிருக்க வேண்டும். பிறகு வேறோர் ஆய்வகத்தின் பதிவோடு தன் பதிவு ஒத்துப்போவதாக வெபர் காட்டியபோது, இரு பதிவுகளின் கடிகாரங்களுக்கும் இடையே நான்கு மணி நேர வித்தியாசம் இருந்தது தெரியவந்தது. உண்மையில் ஒரே கணத்தில் நிகழாதவற்றை அவர் பகுப்பாய்வு ஒன்றாகச் சேர்த்திருந்தது. 2000இல் இறக்கும்வரை அவர் தன் முடிவிலிருந்து பின்வாங்கவில்லை. அவரைத் தோற்றவர் என்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. ஈர்ப்பு அலை அளக்கக்கூடிய ஒன்று என்று கருவியைக் கையில் எடுத்த முதல் மனிதர் அவர்தான். தொலைவில் இரண்டு கருவிகளை வைத்து ஒப்பிடும் முறையும் அவர் தொடங்கிவைத்தது. இரைச்சலைப் போதுமான அளவு சந்தேகிக்காவிட்டால் எதையும் கேட்டுவிடலாம் என்பதை அடுத்த தலைமுறை அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டது.

அலைகள் உண்டு என்பதற்கான முதல் உறுதியான சான்று வேறு வழியில் வந்தது. 1974இல் ரசல் ஹல்ஸும் ஜோசஃப் டெய்லரும் போர்ட்டோ ரிக்கோவின் அரிசிபோ வானொலித் தொலைநோக்கியில், மற்றொரு நியூட்ரான் விண்மீனை ஏழே முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் பல்சர் ஒன்றைக் கண்டார்கள். பல்சர் என்பது சுழலும் நியூட்ரான் விண்மீன். அதன் வானொலித் துடிப்பு கடிகாரம்போல் சீரானது. பல ஆண்டுகள் அந்தத் துடிப்பை அளந்தபோது, இரண்டும் மெல்ல நெருங்கிவருவது தெரிந்தது. சுற்றுப்பாதை ஆண்டுக்குச் சுமார் மூன்றரை மீட்டர் சுருங்குகிறது. ஈர்ப்பு அலைகளாக ஆற்றல் வெளியேறினால் எவ்வளவு சுருங்க வேண்டும் என்று ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் சொல்லுமோ அதே அளவு. இருவருக்கும் 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் இது சூடு தணிவதைப் பார்த்து அடுப்பு எரிந்திருக்கிறது என்று ஊகிப்பது. அலையை நேரில் பிடிப்பது மிச்சமிருந்தது.

எம்.ஐ.டி.யில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ரெய்னர் வைஸ், வெபரின் உருளைகளைப் பற்றி மாணவர்கள் கேட்டபோது, தனக்கே புரியும்படி ஒரு மாற்று வழியை யோசித்தார். ஒரு லேசர் கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கைகளின் வழியே அனுப்பி, கோடியில் உள்ள கண்ணாடிகளில் மோதித் திரும்பச் செய்து மீண்டும் சேர்ப்பது. இரண்டு கைகளும் சம நீளமாக இருந்தால், ஓர் ஒளியலையின் முகடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி வைக்கலாம், வெளியே இருட்டு. ஒரு கை நீண்டு மற்றது சுருங்கினால் அந்தப் பொருத்தம் குலையும். இருட்டில் ஒளி கசியும். இதே எண்ணம் 1962இலேயே சோவியத் நாட்டில் இரண்டு பேருக்குத் தோன்றியிருந்தது. வைஸ் செய்தது வேறு. 1972இல் எம்.ஐ.டி.யின் உள் அறிக்கையொன்றில், இப்படிப்பட்ட கருவியைக் கெடுக்கக்கூடிய இரைச்சல்கள் என்னென்ன, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று கணக்குப் போட்டு எழுதினார். கருவி வருவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்பே அதன் எதிரிகளின் பட்டியல் தயாராகிவிட்டது. இன்றைக்கும் அந்தப் பட்டியலோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

இங்கே கூர்மையான வாசகருக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். காலவெளியே நீள்கிறது என்றால், அதற்குள் இருக்கும் ஒளியலையும் சேர்ந்துதானே நீளும்? அளக்கும் கோலும் அளக்கப்படும் துணியும் ஒன்றாக நீண்டால் வித்தியாசம் எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி, இயற்பியலாளர்களையே தடுமாற வைத்த கேள்வி. பதில் நேரத்தில் இருக்கிறது. அலை வந்த கணத்தில் கைக்குள் இருந்த ஒளி நீள்வது உண்மை. ஆனால் அந்த ஒளி அங்கேயே தங்கிவிடுவதில்லை. நொடிக்கு மூன்று லட்சம் கி.மீ. ஓடும் அது சடுதியில் வெளியேறிவிட, லேசரிலிருந்து புது ஒளி வந்துகொண்டே இருக்கிறது. அதன் அலைநீளத்தைத் தீர்மானிப்பது லேசர். நீண்ட கை அல்ல. அந்தப் புது ஒளி, நீண்டுவிட்ட கையை அதே வேகத்தில் கடந்தாக வேண்டும். ஆகவே சற்றுத் தாமதமாகத் திரும்புகிறது. சுருங்கிய கையில் போன ஒளி சற்று முன்னதாக வந்துவிடுகிறது. கருவி அளப்பது நீளத்தை என்று சொல்லிக்கொண்டாலும், உண்மையில் அளப்பது இரண்டு ஒளிகள் வந்து சேரும் நேர வித்தியாசத்தை.

வைஸ், கிப் தோர்ன், ரொனால்ட் டிரீவர் மூவரும் தொடங்கி, பின்னர் பேரி பேரிஷின் தலைமையில் உருப்பெற்ற லைகோ என்னும் திட்டம் இரண்டு நிலையங்களைக் கட்டியது. ஒன்று ஹான்ஃபோர்டில், இன்னொன்று 3,000 கி.மீ. தள்ளி லூயிசியானா மாநிலத்தின் லிவிங்ஸ்டனில், பைன் மரக்காட்டுக்கு நடுவே. கை ஒவ்வொன்றும் 4 கி.மீ. நீளம். அந்தத் தூரத்தில் பூமியின் உருண்டை வடிவமே ஒரு மீட்டருக்கு மேல் சரிந்துவிடும் என்பதால் குழாய் நேராகப் போவதற்காக அடித்தளத்தைச் சரிசெய்து கட்ட வேண்டியிருந்தது. கைக்குள் ஒளி ஏறத்தாழ 300 தடவை முன்னும் பின்னும் ஓடுகிறது. இவ்வளவும் செய்தாலும், வரும் அலை அந்த 4 கி.மீ. நீளத்தை மாற்றுவது ஒரு புரோட்டானின் அகலத்தில் சில நூறில் ஒரு பங்குதான்.

கண்ணாடியின் பரப்பில் இருக்கும் அணுக்களே சூட்டில் அதைவிடப் பன்மடங்கு துள்ளிக்கொண்டிருக்கும்போது இதை எப்படி அளப்பது? ஒற்றை அணுவை நம்பினால் அளக்கவே முடியாது. லேசர் கற்றை கண்ணாடியின்மேல் பல சென்டிமீட்டர் அகலத்துக்குப் பரவி விழுகிறது. எண்ணிலடங்கா அணுக்களின் துள்ளல்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிச் சராசரியில் அடங்கிவிடுகின்றன. ஒளியின் பக்கமும் அப்படித்தான். ஒளித்துகள்கள் மழைத்துளிகள்போல் ஒழுங்கில்லாமல் வந்து விழும். எண்ணிக்கை கூடக்கூட அந்த ஒழுங்கின்மையின் பங்கு குறையும். 2015இல் உள்ளே செலுத்திய லேசர் 20 வாட்தான். கண்ணாடிகளுக்கு இடையே அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கைக்குள் 1 லட்சம் வாட் அளவுக்குத் திரட்டினார்கள். கண்ணாடி அதில் கொஞ்சம் உறிஞ்சினாலும் சூடாகி உருமாறிவிடும். ஆகவே சுமார் 30 லட்சம் ஒளித்துகள்களில் ஒன்றை மட்டும் உறிஞ்சும்படி அதன் பூச்சு செய்யப்பட்டது.

அடுத்தது மண். லாரி ஓடினால் நிலம் அதிரும், மரம் வெட்டினால் அதிரும், காற்றடித்தால் அதிரும். எதுவுமே நடக்காத நள்ளிரவிலும், பல நூறு கி.மீ. தொலைவிலுள்ள கடலின் அலைகள் நிலத்தை மெதுவாக ஆட்டிக்கொண்டிருக்கும். இதை வெல்லும் வழி ஒரு நூலில் இருக்கிறது. ஒரு பூட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் கையை மெல்ல அசைத்தால் பூட்டும் கூடவே ஆடும். கையை விரைவாக உதறினால் பூட்டு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கும். ஊசல் தன் இயல்பான ஆட்டத்தைவிட வேகமான அதிர்வுகளைக் கீழே போகவிடாது. லைகோவின் 40 கிலோ எடையுள்ள கண்ணாடி ஒவ்வொன்றும், ஒன்றின்கீழ் ஒன்றாக நான்கு ஊசல்களின் கடைசியில் தொங்குகிறது. மேலே நிற்கும் மேடை, நில அதிர்வை அளந்து அதற்கு எதிராகத் தன்னைத் தானே நகர்த்திக்கொள்கிறது. கடைசி ஊசலுக்கு எஃகுக் கம்பி ஆகாது; அதன் வெப்ப அதிர்வே இரைச்சலாகிவிடும். 0.4 மில்லிமீட்டர் தடிமனில் இழுத்த தூய சிலிக்கா இழைகள் நான்கு, அந்த எடையைத் தாங்கி நிற்கின்றன. எல்லாமும் காற்றழுத்தத்தில் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்குகூட மிஞ்சாத வெற்றிடத்துக்குள்.

இவ்வளவுக்குப் பிறகும் விடாத ஓர் இரைச்சல் உண்டு. அது குவாண்டம் இயற்பியலிலிருந்து வருகிறது. துகள்களின் ஒழுங்கின்மையைக் குறைக்க ஒளியைக் கூட்டினால், அந்த ஒளியே கண்ணாடியை ஏறுமாறாகத் தள்ளத் தொடங்கும். ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். ஹைசன்பர்கின் நிச்சயமின்மை விதி அதைத்தான் சொல்கிறது. அந்த விதியை மீற முடியாது. ஆனால் நிச்சயமின்மையை நமக்குத் தொல்லை தராத பக்கமாக ஒதுக்கித் தள்ளலாம். 2019 முதல் லைகோவில் அப்படிப் பக்குவப்படுத்திய ஒளியைச் செலுத்துகிறார்கள். வெற்றிடத்தின் குவாண்டம் துடிப்பு 40 கிலோ கண்ணாடியை அசைப்பதையே 2020இல் அளந்து காட்டினார்கள். மனிதர்கள் கையால் தூக்க முடிகிற ஒரு பொருளில் குவாண்டத்தின் தொடுகையைக் காண முடிந்தது என்பது, அலைகளைக் கண்டதற்குக் குறைவில்லாத சாதனை என்பேன்.

2002இலிருந்து 2010வரை ஓடிய முதல் லைகோவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் அவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட ஒரு தேர்வு என்னைப் பெரிதும் கவர்கிறது. மிகச் சிலருக்கு மட்டும் ஓர் அதிகாரம் இருந்தது: யாருக்கும் சொல்லாமல் கண்ணாடியைச் செயற்கையாக அசைத்துப் பொய் அலையை உள்ளே நுழைக்கலாம். 2010 செப்டம்பர் 16 அன்று அழகான அலை ஒன்று பதிவானது. நூற்றுக்கணக்கானவர்கள் மாதக்கணக்கில் அலசினார்கள். ஆய்வுக் கட்டுரையே எழுதி முடித்தார்கள். 2011 மார்ச்சில் எல்லோரும் கூடிய கூட்டத்தில் உறை பிரிக்கப்பட்டது. அலை பொய். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு ஏமாற்றம் இருந்திருக்கும். ஆனால் மெய்யானது வந்தால் எப்படிச் சோதிப்பது என்று அவர்களுக்கு இப்போது தெரியும்.

மெய்யானது 2015 செப்டம்பர் 14 அன்று வந்தது. இந்திய நேரப்படி பிற்பகல் 3 மணி 20 நிமிடம் 45 நொடி. மேம்படுத்திய கருவியின் முறையான ஓட்டம் அப்போது தொடங்கியிருக்கவே இல்லை. லிவிங்ஸ்டனில் அதிகாலை. அங்கே இரண்டு ஆய்வாளர்கள் இரவெல்லாம் வளாகத்தில் வண்டியை ஓட்டி, திடீர்த் திடீரென்று நிறுத்தி, அந்த அதிர்ச்சி கருவியில் எப்படிப் பதிகிறது என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சோதனையை நிறுத்திவிட்டுக் கிளம்பிய ஒரு மணி நேரத்துக்குள் அலை வந்தது. லிவிங்ஸ்டனை முதலில் தொட்டு, 6.9 மில்லி நொடி கழித்து ஹான்ஃபோர்டைக் கடந்தது. ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் அதன் அதிர்வெண் 35 ஹெர்ட்ஸிலிருந்து 250 ஹெர்ட்ஸுக்கு ஏறி, சட்டென்று அடங்கியது. ஒலியாக மாற்றிக் கேட்டால் ஒரு கீச்சு. சூரியனைப்போல் ஏறத்தாழ 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள், 130 கோடி ஒளியாண்டு தொலைவில் ஒன்றாகியிருந்தன. கூட்டினால் 65 வர வேண்டும், மிஞ்சியது 62. மூன்று சூரியன்களின் நிறை ஈர்ப்பு அலைகளாக வெளியேறிவிட்டது. அந்தக் கணத்தில், காணக்கூடிய அண்டத்தின் விண்மீன்கள் எல்லாம் சேர்ந்து வெளியிடும் ஒளியாற்றலை அது மிஞ்சியது.

ஜெர்மனியின் ஹன்னோவரில் கணினித் திரையில் அதை முதலில் கவனித்த மார்கோ டிராகோவுக்கு வந்த முதல் எண்ணம், யாரோ பொய் அலையை நுழைத்திருக்கிறார்கள் என்பதுதான். இல்லை என்று உறுதியானதும் அடுத்த சந்தேகம்: யாராவது திருட்டுத்தனமாகக் கணினிக்குள் புகுந்து செய்திருப்பார்களோ? அதையும் விசாரித்துத் தள்ளினார்கள். பிறகு தற்செயலா என்ற கேள்வி. கருவிகளின் அமைப்பில் எதையும் மாற்றாமல், இரண்டு நிலையங்களும் சேர்ந்து இயங்கிய 16 நாள் பதிவைச் சேர்த்தார்கள். ஒரு நிலையத்தின் பதிவை வேண்டுமென்றே நேரத்தில் நகர்த்தி வைத்து மற்றதோடு ஒப்பிட்டார்கள். ஈர்ப்பு அலை ஒரு நிலையத்திலிருந்து மற்றதற்குப் போக அதிகபட்சம் 10 மில்லி நொடி ஆகும். அதைவிடக் கூடுதலாக நகர்த்திய பிறகு ஏதாவது ஒத்துப்போனால் அது தற்செயலாகத்தான் இருக்க முடியும். இப்படி நகர்த்தி நகர்த்தி, 6,08,000 ஆண்டுகளுக்கு இணையான தற்செயல்களை உண்டாக்கிப் பார்த்தார்கள். இவ்வளவு வலுவான பொருத்தம் அதில் ஒன்றுகூட இல்லை. வெபரின் காலத்தில் நான்கு மணி நேர வித்தியாசம் செய்த கேட்டை, இவர்கள் நேர வித்தியாசத்தை வைத்தே தடுத்தார்கள். 2016 பிப்ரவரி 11 அன்று உலகுக்குச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு வைஸ், தோர்ன், பேரிஷ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. டிரீவர் அதற்குச் சில மாதங்கள் முன்பு மறைந்திருந்தார்.

அந்த முதல் அலை கண்ணுக்கே தெரியும் அளவுக்கு வலுவானது. பெரும்பாலானவை அப்படி இல்லை. இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடக்கும். எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் எடுக்க முடியும். ஆகவே எந்த நிறையுள்ள இணை எப்படி ஒலிக்கும் என்று கணக்கிட்டு வைத்த லட்சக்கணக்கான வடிவங்களைப் பதிவின்மேல் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கிறார்கள். இந்த முறையை வளர்த்தவர்களில் புனேயின் சஞ்சீவ் துரந்தர், அவருடைய மாணவர் சத்யபிரகாஷ் ஆகியோரின் பங்கு பெரிது. அலை வடிவங்களைக் கணக்கிடும் கடினமான கணிதத்தில் பாலா ஐயர் பிரெஞ்சு அறிஞர்களோடு பல ஆண்டுகள் உழைத்தார். சென்னைக் கணிதவியல் கழகத்திலும் ஐ.ஐ.டி. மெட்ராஸிலும் இந்தக் கூட்டுமுயற்சியில் இருப்பவர்கள் உண்டு. இன்னொருவரை நான் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. பெங்களூரின் சி.வி. விசுவேசுவரா. வெபரின் உருளைகள் தொங்கிக்கொண்டிருந்த அதே மேரிலாந்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கருந்துளையை உசுப்பினால் அது தனக்கே உரிய சுருதியில் ஒலித்து அடங்கும் என்று 1970இல் காட்டினார். 2015இல் கேட்ட கீச்சின் கடைசி முனகல் அதுதான். தன் கணக்கு கருவியில் ஒலித்த செய்தியைக் கேட்டுவிட்டு, 2017 ஜனவரியில் அவர் காலமானார்.

2017 ஆகஸ்ட் 17 அன்று வந்தது வேறு வகை. ஒரு நொடிக்குள் அடங்கிவிடவில்லை, ஏறத்தாழ 100 நொடி நீடித்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1930இல் கப்பலேறிய சுப்ரமணியன் சந்திரசேகர் பயணத்திலேயே போட்ட கணக்கு, ஒரு வரம்புக்கு மேல் நிறையுள்ள விண்மீன் எச்சம் வெண்குறுமீனாக நிலைக்க முடியாது என்று சொன்னது. அந்த வரம்புக்கு அப்பால் பிறக்கும் நியூட்ரான் விண்மீன்கள் இரண்டு இப்போது மோதின. அலை அடங்கிய 1.7 நொடியில் ஃபெர்மி செயற்கைக்கோள் காமாக் கதிர் வெடிப்பைக் கண்டது. ஆனால் லைகோவின் தானியங்கி மென்பொருள் ஹான்ஃபோர்டின் பதிவை மட்டும்தான் காட்டியது. லிவிங்ஸ்டன் எங்கே? பதிவைத் திறந்து பார்த்தால், மோதலுக்குச் சற்று முன்பு கருவியில் ஏதோ ஓர் உள் இரைச்சல் வெடித்திருக்கிறது. அதைக் கண்டு மென்பொருள் முழுவதையும் ஒதுக்கிவிட்டது. அந்த வெடிப்பின் ஊடாகவே அலையின் கோடு தெளிவாக ஏறிப்போவதை மனிதக் கண்கள் கண்டன. இரைச்சலை மட்டும் நீக்கி எடுத்தார்கள். இத்தாலியின் வெர்கோ கருவியில் அலை ஏறக்குறையக் கேட்கவே இல்லை. அது வந்த திசை வெர்கோவின் குருட்டுப் பகுதியில் இருக்க வேண்டும் என்று அதிலிருந்தே தெரிந்தது. தேட வேண்டிய வானம் சுருங்கியது. பதினோரு மணி நேரத்தில், சிலியிலிருந்த ஒரு தொலைநோக்கி 13 கோடி ஒளியாண்டு தொலைவில் புதிய ஒளிப்புள்ளியைக் கண்டுபிடித்தது. தங்கம், பிளாட்டினம் போன்ற கனத்த தனிமங்கள் இப்படிப்பட்ட மோதல்களில் உண்டாகின்றன என்பதற்கு அந்த ஒளியின் நிறம் சாட்சி சொன்னது.

பிறகு வந்தவை இருநூறுக்கும் மேல். அவற்றில் 2025 ஜனவரி 14 அன்று பதிவானதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் கருந்துளைகள் 2015இல் மோதியவற்றைப் போன்றவை. தொலைவும் ஏறத்தாழ அதே. வந்த அலையின் வலுவும் அதே அளவுதான். ஆனால் கேட்டது மூன்று மடங்குக்கும் மேல் தெளிவாக. வானம் மாறவில்லை; பத்தாண்டுகளில் கருவியின் இரைச்சல் குறைந்திருந்தது. அந்தத் தெளிவால், விசுவேசுவரா சொன்ன முனகலுக்குள் இரண்டு தனித்தனிச் சுருதிகளைப் பிரித்துக் கேட்க முடிந்தது. கருந்துளைகள் சேரும்போது அவற்றின் மொத்தப் பரப்பு குறையவே குறையாது என்று 1971இல் ஸ்டீஃபன் ஹாக்கிங் சொன்னதையும் சரிபார்க்க முடிந்தது. அந்த முடிவு 2025 செப்டம்பரில் வெளியானது. இரைச்சல்களின் பட்டியலை எழுதிய ரெய்னர் வைஸ் அதற்குச் சில நாள் முன்புதான், ஆகஸ்ட் 25 அன்று இறந்திருந்தார்.

லைகோவின் காதுக்கு எட்டாத சுருதிகளும் உண்டு. முகடும் பள்ளமும் கடந்துபோக ஆண்டுக்கணக்கில் ஆகும் அலைகளுக்கு, பல்சர்களின் துடிப்பையே கருவியாகக் கொள்கிறார்கள். 2023 ஜூனில் அவற்றின் முதல் தடயங்களை அறிவித்த குழுக்களில் புனே அருகிலுள்ள பெரிய வானொலித் தொலைநோக்கியைப் பயன்படுத்தும் இந்தியக் குழுவும் ஒன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட சுருதிக்கு, 25 லட்சம் கி.மீ. இடைவெளியில் மூன்று விண்கலங்களைப் பறக்கவிடும் ஐரோப்பியத் திட்டம் 2035இல் ஏவப்படுவதாக இருக்கிறது.

நம் நாட்டில், மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில், ஔண்டா நாக்நாத் அருகே மூன்றாவது லைகோ வரவிருக்கிறது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. அமெரிக்காவிலிருந்து இவ்வளவு தொலைவில் ஒரு கருவி இருந்தால், அலை ஒவ்வோர் இடத்துக்கும் வந்து சேரும் நேர வித்தியாசம் பெரிதாகும். எந்தத் திசையிலிருந்து வந்தது என்று சொல்வது எளிதாகும். தொலைநோக்கிகள் இன்றைவிடச் சிறிய வான்பகுதியில் தேடினால் போதும்.

இன்னொரு சிறு பயனும் உண்டு. அமெரிக்காவின் இரண்டு நிலையங்களும் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இயங்குகின்றன. அந்த ரீங்காரம் எவ்வளவு முயன்றாலும் பதிவில் ஒரு கோடாக நிற்கும். நண்டு நெபுலாவின் நடுவே ஒரு பல்சர் நொடிக்கு ஏறத்தாழ 30 தடவை சுழல்கிறது. அதன் உருண்டையில் ஒரு சிறு மேடு இருந்தாலும் சுழற்சிக்கு இரண்டாக, 59 ஹெர்ட்ஸை ஒட்டி, இடைவிடாத மெல்லிய ஈர்ப்பு அலை கிளம்பும். இன்றுவரை அது கேட்கவில்லை. கேட்க முயல்கிறவர்களுக்கு அந்த 60 ஹெர்ட்ஸ் கோடு பக்கத்திலேயே நின்று தொல்லை கொடுக்கிறது. ஔண்டாவில் ஓடப்போவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்.